படி இல்லாத போர்ச்சுக்கு ஒரு கொலு

அக்டோபர் வந்தால் இங்கே அமெரிக்காவில், இல்லினாயில், எங்கள் தெரு முழுக்க ஹாலோவீன் பண்டிகை அலங்காரம், பூசணி நிறம். எதிர்வீட்டில் வாசல் படிக்கு ஒன்றாகப் பூசணி, இடையிடையே சாமந்தித் தொட்டி. பார்க்கவே நிறைவாக இருக்கும். எங்கள் போர்ச்சுக்கு, அதாவது கதவுக்கு முன்னால் இருக்கும் வாசல் தளத்துக்கு, படியே கிடையாது. நடைபாதையோடு ஒட்டிய வெறும் சிமெண்டுத் தரை.

முதல் வருஷம் பத்துப் பூசணி வாங்கித் தரையில் பரப்பினேன். தெருவிலிருந்து பார்த்தால் சந்தையில் கூறு கட்டி வைத்தது போல இருந்தது. அடுத்த வருஷம் இன்னும் நாலு வாங்கினேன். கூறு பெரிதானது, அவ்வளவுதான்.

போன வருஷம் அம்மா வந்திருந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொலுவுக்குப் படி கட்டினதே இல்லையாடா? பெட்டியை அடுக்கு" என்றார். டிரங்குப் பெட்டியும் அரிசி டின்னும் அடுக்கி மேலே வேட்டி விரித்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இது தோன்றவே இல்லை!

இப்போது கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் அடுக்குகிறேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்தால் கல்யாண மண்டப வாசல் ஆகிவிடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் தூணோடு சேர்த்துக் கட்டிய சோளத்தட்டை, ஆள் உயரத்துக்கு. அதற்கு முன் ஒரு வைக்கோல் கட்டு, அதன் மேல் கவிழ்த்த மரப்பெட்டி, பக்கத்தில் பழைய ஸ்டூல். கடையில் 'ஸ்ட்ரா' என்றே கேட்டு வாங்குங்கள். 'ஹே' என்பது மாட்டுத் தீவனம். அதில் விதை இருக்கும், எலி தேடி வரும். அடுக்குவதற்கு முன் வெளிக்கதவை முழுசாகத் திறந்து பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் ஒரு தொட்டியை உடைத்தேன்.

தட்டைத் தரையில் இன்னொரு தொல்லை, மழைத் தண்ணீர் தேங்குவது. ஈரத்தில் உட்கார்ந்த பூசணி அடியில் அழுகத் தொடங்கும், மேலே பளபளவென்றே இருக்கும். அடியில் ஒரு பலகைத் துண்டு போட்டால் போதும்.

செப்டம்பரிலேயே பூசணியில் முகம் செதுக்குகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. செதுக்கிய பூசணி ஒரு வாரம் தாங்கினால் அதிகம். ஹாலோவீன் நாளான அக்டோபர் 31க்கு இரண்டு நாள் முன்னால் செதுக்கினால் என்ன? வெட்டாத பூசணி, கடும் உறைபனி படாதவரை, நவம்பர் நாலாவது வியாழன் வரும் தேங்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் நிற்கும். செதுக்கிய பூசணிக்குள் பேட்டரி விளக்கு வையுங்கள். வைக்கோல் பக்கத்தில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

சாமந்தியை மொட்டாக இருக்கும்போதே வாங்குங்கள். இரவு நீள நீள அதுவே பூக்கும். கடையில் முழுசாக மலர்ந்ததை வாங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் வாடிவிடும்.

அப்புறம் அணில். மிளகாய்த் தூள் தூவிப் பார்த்தேன். ஒரு மழையில் போய்விட்டது. மேல்படியில் இருக்கும் சின்ன பை பம்ப்கினை, அதாவது சமையல் பூசணியைப் பார்த்து, "இது கூட்டுக்கு நல்லா இருக்கும்" என்று இந்த வருஷம் வீடியோ காலில் அம்மா சொல்லிவிட்டார். அணில் விட்டு வைத்தால் செய்யலாம்.