அந்த அம்மா கேட்டது அது இல்லை

கடவுள் உண்டா இல்லையா என்ற ஞாயிற்றுக்கிழமை விவாதத்தின் அந்த மூன்று நிமிடத் துண்டை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் கைதட்டல் படம் போட்டுப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். அதனால் முழுக்கதையும் வேண்டாம். ஒரே ஒரு இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அந்த அம்மா கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் இல்லாமலே போயிருக்கலாமே, ஏன் இருக்குது?" என்று கேட்கிறார். நம் நாத்திகப் பேச்சாளர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அப்போ கடவுளைப் படைச்சது யாரு?" என்கிறார். கைதட்டல். அந்தச் சத்தத்துக்கு அடியில் அந்த அம்மாவின் குரல் கேட்கிறது: "நான் கேட்டது அது இல்லீங்க..." அதற்குள் மைக் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறது. அவர் தாளை நான்காக மடித்துக்கொண்டு உட்காருகிறார்.

அவர் கேட்டது அது இல்லைதான். இதைச் சொன்னதற்குத்தான் நேற்றிலிருந்து நம் ஆட்களிடமே வசவு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் நாத்திகன். இதைத் தனியாகச் சொல்லவேண்டி வந்ததே வருத்தமாக இருக்கிறது. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் சொல்வதை, "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொல்லிவிட்டு அப்புறம் மறுங்கள்.

"எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே உலகத்துக்கும் உண்டு, அதுதான் கடவுள்" என்று ஒருவர் சொன்னால், "கடவுளுக்குக் காரணம் எது?" என்ற கேள்வி அந்த வாதத்தை அங்கேயே முறித்துவிடும். சந்தேகமில்லை. ஆனால் விஷயம் தெரிந்த ஆத்திகர் யாரும் இப்படித் தொடங்குவதில்லை. 1111இல் இறந்த இஸ்லாமிய அறிஞர் கசாலி, "தொடங்கிய ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு" என்றார். 'எல்லாவற்றுக்கும்' என்பதற்கும் 'தொடங்கியவற்றுக்கு' என்பதற்கும் இடையில்தான் முழு வாதமும் நிற்கிறது. தொடக்கமே இல்லாத ஒன்றைப் பற்றி "அதை யார் தொடங்கினார்?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸோ தன் வாதத்தில், காலத்தில் பின்னோக்கிப் போகும் காரணச் சங்கிலியைப் பற்றிப் பேசவே இல்லை. அவருடைய உதாரணம் கையும் கோலும்: கை அசைப்பதால் கோல் அசைகிறது, கை நின்றால் கோலும் அந்தக் கணமே நிற்கும். உலகத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் போய்ப் பெருவெடிப்பைப் பேசி என்ன பயன்? ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1714இல் கேட்டது இன்னும் வேறு: ஒன்றும் இல்லாமல் இருப்பதற்குப் பதில் ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது? அந்த அம்மாவின் தாளில் இருந்த கேள்வி இதுதான்.

ஆக, மூன்று வாதங்கள். மூன்றுக்கும் அடிபடும் இடம் வேறு வேறு. கசாலியிடம், உலகம் 'தொடங்கியது' என்பதற்கு என்ன ஆதாரம், உலகத்துக்குள் பார்த்த விதியை உலகத்துக்கே எப்படி நீட்டினீர்கள் என்று கேட்கவேண்டும். அக்குவினாஸிடம், அந்தச் சங்கிலிக்கு ஒரு முதல் கண்ணி இருந்தே தீரவேண்டுமா என்று கேட்கவேண்டும். லைப்னிட்ஸிடம், எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்கவேண்டும். மூன்றும் தாண்டி வந்தாலும் கடைசியில் ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது: கிடைத்தது ஒரு 'முதற்காரணம்'. அது பிரார்த்தனையைக் கேட்கும், பாவத்தைக் கணக்கு வைக்கும் என்பதற்கு எப்படித் தாவினீர்கள்? நம் பக்கத்தில் இத்தனை வலுவான கேள்விகள் இருக்கும்போது, எதிலும் போய்ப் பொருந்தாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கைதட்டு விழுகிறது என்பதற்காகவே ஓடுகிறோம்.

1948 ஜனவரி 28 அன்று பிபிசி வானொலியில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் காப்பிள்ஸ்டன் பாதிரியாரும் விவாதித்தார்கள். முதல் வேலையாகக் காப்பிள்ஸ்டன், 'கடவுள்' என்று தான் சொல்வது எதை என்று வரையறுத்து, இதை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஏற்கிறேன் என்றார் ரஸ்ஸல். அடுத்து, கடவுள் இல்லை என்று நிறுவ முடியும் என்பது உங்கள் நிலையா என்று கேட்டார். இல்லை, என் நிலை அறியொணாவாதம், அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பது, என்றார் ரஸ்ஸல். அதற்கப்புறம்தான் சண்டையே. அதில் ரஸ்ஸல் போட்ட போடு இன்றைக்கும் நிற்கிறது: ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டு என்று ஆகாது. நம் ஞாயிற்றுக்கிழமை மேடையில் இரண்டு மணி நேரத்தில் 'கடவுள்' என்றால் என்ன என்று ஒருவர் கூட ஒருவரையும் கேட்கவில்லை. ஒருவர் முதற்காரணத்தை மறுக்கிறார், மற்றவர் தனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்கிறார். இருவரும் சந்திக்கவே இல்லை.

இதையெல்லாம் வெளியே இருந்துதான் கற்கவேண்டும் என்பதும் இல்லை. குடம் இருந்தால் குயவன் இருக்கவேண்டும், உலகமும் குடம்போல் உண்டாக்கப்பட்ட ஒரு காரியம், ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா உண்டு. இது நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்கப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர்களின் வாதம். பௌத்தரான தர்மகீர்த்தி இதற்குச் சொன்ன மறுப்பை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குடமும் மண்ணால் ஆனது, கறையான் புற்றும் மண்ணால் ஆனது. இரண்டுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. அதற்காகப் புற்றையும் குயவன் செய்தான் என்போமா? குடத்தைப் பார்த்ததும் குயவனை ஊகிக்க முடிவது, குயவன் குடம் வனைவதை ஏற்கெனவே கண்டிருப்பதால். உலகம் வனையப்படுவதை யார் கண்டார்? இதில் எங்காவது நையாயிகர் முட்டாள் என்று இருக்கிறதா? தர்மகீர்த்தி அவர் வாதத்தை எடுத்து, அதன் உதாரணத்தையே எடுத்து, அதே மண்ணிலிருந்து பதில் சொல்லியிருக்கிறார்.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிற மதங்களைப் பேசும் பகுதியில், 14 மதங்களை அருணந்தி சிவாசாரியார் மறுக்கிறார். முதலில் வருவது உலகாயதன், கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்பவன். அங்கே கூட முதலில் அவன் கொள்கை, பிறகுதான் மறுதலை. உலகாயதரின் சொந்த நூல்கள் பெரும்பாலும் கிடைக்காமலே போய்விட்டன. கடவுள் இல்லை என்று சொன்ன நம் முன்னோரின் குரல் இன்று நமக்குக் கேட்பதே எதிராளிகள் அதை எழுதி வைத்ததால்தான். நாமோ அந்த அம்மாவின் ஒரு வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

"எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியமா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. வகுப்பறையில் நாத்திகப் பேராசிரியரை மடக்கிய மாணவன் ஐன்ஸ்டீன் என்ற கட்டுக்கதையை அங்கே ஒருவர் மேடையில் சொன்னார். ஐன்ஸ்டீன் 1929இல் சொன்னது, மனிதர்களின் செயல்களிலும் விதியிலும் தலையிடும் கடவுளை அல்ல, ஸ்பினோசா என்ற தத்துவ அறிஞர் சொன்ன, இயற்கையோடு ஒன்றான கடவுளைத்தான் நம்புகிறேன் என்று. இன்னொருவர் எல்லாத் துன்பத்துக்கும் 'மனிதனின் சுதந்திரம்' என்றார். தத்துவப் பேராசிரியர் வில்லியம் ரோ 1979இல் எழுதிய மான்குட்டி அதற்குள் அடங்குமா? மின்னலில் காடு பற்றி எரிகிறது, குட்டி வெந்து, பல நாள் துடித்துச் சாகிறது. யாருடைய சுதந்திரம் அங்கே? இதைக் கேட்டிருந்தால் நான்தான் முதலில் கைதட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

"மக்கள் மேடையில் இவ்வளவு நுணுக்கம் எடுபடாது தோழர்" என்று ஒரு கமெண்ட். அந்த நுணுக்கம் மேடையிலிருந்து வரவில்லை, மக்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. தாளில் எழுதிக்கொண்டு வந்தார் ஒருவர். எடுபடாமல் போனது மேடையில்.

"மூடநம்பிக்கையால் உயிரே போகிறது, நீ மரியாதை பேசுகிறாயா?" என்று இன்னொருவர். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் தடுப்பவனிடம் நான் லைப்னிட்ஸைப் பேசச் சொல்லவில்லை. அவனைத் தடுக்கவேண்டும், அவ்வளவுதான். உலகம் ஏன் இருக்கிறது என்று கேட்பவரும் அவனும் ஒன்றா? வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் வேதத்தை ஏற்றார்கள், உலகைப் படைத்த கடவுளை ஏற்கவில்லை. சமணர் மறுபிறவியை ஏற்றார்கள், படைத்தவனை ஏற்கவில்லை. இத்தனை வகை நம்பிக்கையையும் ஒரே மூட்டையில் கட்டி 'மூடம்' என்று எழுதி ஒட்டுவது எளிது. அது பகுத்தறிவு இல்லை.

"கைக்கூலி" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. வாதம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்வதே துரோகம் என்றால், எதிர்ப்பக்கத்தில் எதைக் குறை சொன்னோமோ அதையே இங்கே செய்கிறோம். ஆன்செல்ம் என்ற கிறிஸ்தவத் துறவி கடவுளை நிறுவ ஒரு வாதம் எழுதினார். கௌனிலோ என்ற இன்னொரு துறவி அதை மறுத்து எழுதினார். ஆன்செல்ம் என்ன செய்தார் தெரியுமா? இனி என் நூலைப் படியெடுக்கும்போது அந்த மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள் என்றார். அது 11ஆம் நூற்றாண்டு. நம் குழுவில் நேற்று என் கமெண்டை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள். மைக்கை அவர் கையிலேயே கொடுங்கள், தாளை முழுக்கப் படித்து முடிக்கட்டும். நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்றால் என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. உலகத்துக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்று கேட்டால், இன்னொன்றைக் காட்டிப் பதில் சொல்கிறோம். மொத்தத்துக்கும் 'ஏன்' என்று கேட்கும்போது காட்டுவதற்கு வெளியே எதுவும் மிச்சமில்லை. கடவுளைக் காட்டினால், அவர் ஏன் இல்லாமல் போகவில்லை என்ற அதே கேள்வி வரும். அவர் இல்லாமல் இருக்கவே முடியாதவர் என்பீர்கள். அப்படி ஒன்று இருக்க முடியும் என்றால், அது ஏன் இந்த உலகமாகவே, அல்லது உலகத்தின் அடியில் இருக்கும் ஏதோ ஒன்றாகவே இருக்கக்கூடாது? நான் நிற்கும் இடம் இது. உங்கள் மறுப்பைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.