செனகலின் ஆட்சி மொழி வொலோஃப் அல்ல

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல் 1960ல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றதும் அதன் அரசு வொலோஃபை ஆட்சி மொழியாக்கியது, அதனால்தான் நாடே அதைப் பேசுகிறது என்று மேலே ஒரு பதிவு இருக்கிறது. பலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். அது சரியல்ல. அங்கே ஆட்சி மொழி அன்றும் இன்றும் பிரெஞ்சுதான். முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் செரேர் இனத்தவர், பிரெஞ்சில் எழுதிய கவிஞர்.

வொலோஃப் பரவியது வேறு வழியில். நிலக்கடலை வியாபாரம், 1885ல் வந்த டக்கார் - செயின்ட் லூயி ரயில் பாதை, பிழைப்புக்காகத் தலைநகர் டக்காரில் குவிந்த மக்கள் என்று பல காரணங்கள். முரீத் என்ற செனகல் இஸ்லாமிய சூஃபி மரபின் பங்கை நான் பெரிதாக மதிக்கிறேன். அதன் கவிஞர்கள் வொலோஃபை அரபு எழுத்தில் எழுதினார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் அந்தப் பாட்டுகளைப் பாடினார்கள். அப்புறம் வானொலி வந்தது. டக்கார் சந்தையில் வீட்டில் செரேர் பேசுகிறவரும் புலார் பேசுகிறவரும் வொலோஃபில்தான் பேரம் பேசுவார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அப்படிப் பேசச் சொல்லவில்லை.

சரிபார்ப்பது எளிது. செனகலின் 2001 அரசியலமைப்புச் சட்டம் இணையத்தில் கிடைக்கிறது. முதல் பிரிவைப் பாருங்கள்: ஆட்சி மொழி பிரெஞ்சு என்று இருக்கும். அதையடுத்து வரும் தேசிய மொழிகளின் வரிசையில் ஜோலா, மலிங்கே, புலார், செரேர், சொனிங்கே ஆகியவற்றோடு வொலோஃபும் ஒன்றாக நிற்கும். பதிவிட்டவர் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டால் நல்லது.