கோல்டன்டூடுல் குட்டிக்குக் கால்சியம் ஊற்றும் முன்
அண்ணாச்சி, 3 மாதத்தில் 10 கிலோ வராத கோல்டன்டூடுல் குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றுங்கள். இது கோல்டன் ரெட்ரீவரும் பூடிலும் சேர்ந்த கலப்பு நாய். பூடில் பக்கம் சிறிய மினியேச்சரா பெரிய ஸ்டாண்டர்டா என்பதைப் பொறுத்து எடை வெகுவாக மாறும். ஒரே ஈற்றுக் குட்டிகளே ஒன்றுபோல் வளராது. சின்னக் குட்டியின் உடம்புக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, உறிஞ்சிக்கொள்ளும். பெரிதாக வளரும் குட்டி என்றால் எலும்பும் மூட்டும் கோணலாகிவிடலாம். நல்ல பப்பி தீவனத்திலேயே தேவையான அளவு இருக்கிறது.

தராசை விடுங்கள், விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். நம்மூர் வேட்டை நாயான சிப்பிப்பாறையின் ஒட்டிய வயிற்றைப் பார்த்துப் பழகிய நம் கண்ணை இந்தச் சடைமுடி ஏமாற்றிவிடும். அப்புறம், எடை ஏறாததற்குக் குடற்புழுவும் காரணமாகலாம். திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.