முன்பணக் கணக்கு ஒருவர் நினைவில் மட்டும் இருக்கலாமா?
முதலாளி இல்லாத நாளிலும் தொழில் நடக்க வேலைமுறைகளை எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன் பகுதி மீன் வியாபாரத்துக்கு மிகவும் பொருந்தும். பிடிக்கும் மீனைத் தமக்குத் தர வேண்டும் என்று வியாபாரி எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தார், அதில் எவ்வளவு கழிந்தது, கணவாயையும் நண்டையும் எப்படித் தரம் பிரிப்பது, எந்த விலை வரை துணிந்து எடுப்பது என்பதெல்லாம் ஒருவர் மனத்திலேயே இருந்தால், அவர் நோயில் படுத்த அன்றே கொள்முதல் நின்றுவிடும். எழுதினால் மட்டும் போதாது. கிலோவுக்கு இன்ன விலை வரை கணக்குப்பிள்ளையே முடிவெடுக்கலாம் என்ற அதிகாரத்தையும் மனமார வழங்க வேண்டும், அதுவே கடினமான பகுதி என்பது என் கருத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பழைய பாக்கிகளைப் படகுக்காரர்களுடன் சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றவும், ஊழியர்களைப் பழக்கவும் அந்த நாள்களைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.