சாட்பாட்டுக்கு நினைவு சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

ஏஐ உதவியாளருக்கு நீண்டகால நினைவு சேர்க்கக் கிளம்புகிறவர்கள் முதல் வேலையாக ஒரு வெக்டர் டேட்டாபேஸை (வாக்கியங்களைப் பொருள் நெருக்கத்தால் தேடித் தரும் சேமிப்பகம்) நிறுவி, பேசியதை எல்லாம் அதில் கொட்டிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து, பயனர் எப்போதோ விட்டுவிட்ட வேலையைப் பற்றி சாட்பாட் ரொம்ப அக்கறையாக விசாரிக்கும். என் கட்சி இதுதான்: சேமிப்பது சுலபம். எதை எழுதலாம், எழுதியது எப்போது செல்லாமல் போகிறது என்று தீர்மானிப்பதில்தான் நாக்கு தள்ளும்.

சாட்பாட்டுக்குப் பின்னால் இருந்து பதில் எழுதும் மாடலுக்குச் சொந்த நினைவு கிடையாது. ஒரே உரையாடலுக்குள் அது ஞாபகம் வைத்திருப்பதுபோலத் தெரிவதே, ஒவ்வொரு முறையும் முந்தைய பேச்சு முழுவதையும் நாம் திரும்ப அனுப்புவதால்தான். ஆக, நாம் நினைவு என்று கட்டுவதெல்லாம் அடுத்த ப்ராம்ப்டில், அதாவது மாடலுக்கு அனுப்பும் உரையில், எந்தச் சில வரிகளைச் செருகுவது என்கிற தேர்வுதான்.

'கான்டெக்ஸ்ட் விண்டோதான் (மாடல் ஒரே தடவையில் படிக்கக்கூடிய அளவு) பெரிதாகிவிட்டதே, பழைய பேச்சை அப்படியே அனுப்பினால் என்ன?' என்று கேட்பார்கள். 2020-இல் ஜிபிடி-3 மாடலுக்கு 2,048 டோக்கன்தான் எல்லை (டோக்கன் என்பது மாடல் உரையை நறுக்கிப் படிக்கும் துண்டு; கட்டணமும் அதன் கணக்கில்தான்). 2024-இல் ஜெமினி 1.5 ப்ரோ 10 லட்சத்தைத் தொட்டது. அனுப்பலாம்தான். ஆனால் பயனர் 'சரி' என்று ஒரு சொல் தட்டினாலும் மொத்த வரலாற்றுக்கும் டோக்கன் கணக்கு ஏறும். நீளமான உள்ளீட்டின் தலையிலும் வாலிலும் இருப்பதைப் பிடிக்கும் மாடல்கள் நடுவில் கிடப்பதைக் கோட்டைவிடுகின்றன என்பதை 2023-இலேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். தமிழில் பேசும் பயனர் என்றால் செலவு இன்னும் கூடலாம். ஒரே தமிழ் வாக்கியம் பழைய டோக்கனைசரில் (உரையை டோக்கனாக நறுக்கும் கருவி) 116 டோக்கன், ஜிபிடி-4ஓவில் 35 என்று ஓபன்ஏஐயே 2024-இல் கணக்குக் காட்டியது.

எனவே சின்னதாகத் தொடங்குங்கள். ஒரு பயனருக்கு ஒரு குறிப்பு, 300 முதல் 500 டோக்கனுக்குள். பெயர், வேலை, எந்த மொழியில் எவ்வளவு சுருக்கமாகப் பதில் வேண்டும், இப்போது எதில் ஈடுபட்டிருக்கிறார், இவ்வளவு போதும். இதை சிஸ்டம் ப்ராம்ப்டின் (உரையாடலுக்கு முன்னால் நாம் மாடலுக்குத் தரும் கட்டளைகள்) மாறாத பகுதிக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் குறிப்பில் ஒரு எழுத்து மாறினாலும் ப்ராம்ப்ட் கேஷ் (மாறாத தொடக்கப் பகுதியைச் சேமித்துவைத்து, அதற்குக் குறைந்த விலை போடும் வசதி) வீணாகி, அதற்குப் பின்னால் வருவதற்கெல்லாம் மறுபடி முழு விலை. தகவல்கள் இந்த அளவைத் தாண்டும்வரை வெக்டர் தேடலே தேவைப்படாது.

தாண்டிய பிறகு ஒரு சாதாரண டேபிள் போதும். தகவல் ஒரே வாக்கியமாக, சொன்ன தேதி, எப்போதிலிருந்து எப்போதுவரை செல்லும், எந்தச் செய்தியிலிருந்து எடுத்தது, பயனர் தன் வாயால் சொன்னதா, மாடல் ஊகித்ததா. கடைசி இரண்டு நெடுவரிசைகளையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு தவறு எங்கிருந்து வந்தது என்று துழாவும்போதுதான் அதன் அருமை தெரியும்.

எழுதும் வேலையை உரையாடலின் நடுவில் செய்யாமல், முடிந்த பிறகு மாடலுக்கான தனி அழைப்பாகச் செய்யுங்கள். புதிய பேச்சோடு, அதற்கு நெருக்கமான பழைய தகவல்கள் ஐந்தாறையும் மாடலிடம் கொடுத்து, சேர்க்கவா, திருத்தவா, முடித்துவைக்கவா, ஒன்றும் வேண்டாமா என்று கேளுங்கள். பெரும்பாலான உரையாடல்களுக்குச் சரியான விடை 'ஒன்றும் வேண்டாம்' என்பதுதான்; ப்ராம்ப்டில் அதை அழுத்திச் சொல்லாவிட்டால் மாடல் எதையாவது எழுதித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இங்கே வரும் பிழைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. 'அடுத்த செவ்வாய் தேர்வு' என்று அப்படியே பதிவாகும். அந்தச் செவ்வாய் ஒருநாளும் வந்து முடியாது. பேசிய தேதியைக் கொடுத்து, நாள்காட்டித் தேதியாக மாற்றச் சொல்ல வேண்டும். 'நண்பனுக்குச் சர்க்கரை நோய்' என்பது பயனரின் நோயாகிவிடும். கதை எழுதக் கேட்டவர் அந்தக் கதாபாத்திரமாகவே ஆகிவிடுவார். சாட்பாட் தானே சொன்ன யோசனை, பயனரின் விருப்பமாகத் திரும்பி வரும். இந்தக் கடைசி ரகம்தான் மோசமானது: தன் குரலின் எதிரொலியைத் தானே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்.

இனி தேடல். எம்பெடிங் (வாக்கியத்தின் பொருளை எண்களின் வரிசையாக, அதாவது வெக்டராக, மாற்றுவது) பொருள் நெருக்கத்தை அளக்குமே தவிர முரணை அறியாது. 'ஜாவாவில்தான் எழுதுகிறேன்', 'ஜாவாவை விட்டுவிட்டேன்' இரண்டும் வெக்டர் வெளியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எது இப்போதைய உண்மை என்பதை டேபிளின் தேதி நெடுவரிசைதான் சொல்லும். தேடலுக்கு முன்பே காலாவதியானவற்றை வடிகட்டிவிடுங்கள்.

2023-இல் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் 25 செயற்கைக் கதாபாத்திரங்களை ஒரு விளையாட்டு ஊரில் உலவவிட்டபோது, அண்மை, முக்கியத்துவம், பொருத்தம் என்று மூன்று மதிப்பெண்களைச் சேர்த்து நினைவுகளைத் தேர்ந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் அதில் அண்மை மதிப்பெண் மணிக்கு 0.995 மடங்காகத் தேயும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளில் 0.89, முப்பது நாளில் 0.03 கூட இல்லை. அந்த விளையாட்டு ஊருக்கு அது பொருந்தியது. அதே எண்ணை அப்படியே எடுத்துப்போட்டால், போன மாதம் சொன்ன பெனிசிலின் ஒவ்வாமை நேற்றைய அரட்டைக்குக் கீழே போய்விடும். ஒவ்வாமை போன்றவற்றுக்குத் தேய்மானமே கூடாது. மனநிலை, தற்காலிகத் திட்டம் போன்றவற்றுக்கு வேகமாகத் தேயட்டும். வகைக்கு ஒரு விகிதம்.

பெயர்கள், பதிவு எண்கள் போன்றவற்றில் எம்பெடிங் சறுக்கும். கூடவே சொல் தேடலும் வேண்டும். தமிழில் இதற்குத் தனிச் சிக்கல் உண்டு: 'மருத்துவரை', 'மருத்துவரிடம்', 'மருத்துவருக்கு' மூன்றும் தேடலுக்கு மூன்று வெவ்வேறு சொற்கள். அதற்கும் முன்னால், எஸ்க்யூலைட் என்கிற டேட்டாபேஸின் சொல் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-இன் இயல்பு அமைப்பில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் எழுத்தாகவே எண்ணப்படுவதில்லை. சொல் நடுவிலேயே துண்டுதுண்டாக உடையும். அதன் டோக்கனைசரின் (இங்கே, தேடலுக்காகச் சொல் பிரிப்பது) கேட்டகரிஸ் அமைப்பில் 'எம்' வகையையும் (இந்தக் குறிகள் அடங்கிய யூனிகோட் வகை) சேர்த்தால் உடைவது நிற்கும். வேற்றுமை உருபுத் தொல்லைக்கு சொல்லை மும்மூன்று குறிகளாக நறுக்கும் ட்ரைகிராம் டோக்கனைசர் ஓரளவு கைகொடுக்கும்.

பாதுகாப்பு. சாட்பாட் ஒரு வலைப்பக்கத்தையோ பிடிஎஃப்பையோ படிக்கும்போது, அதில் 'இதை நினைவில் வை' என்று ஒளித்து எழுதியிருந்தால்? சாட்ஜிபிடியின் நினைவில் இப்படி வெளியார் கட்டளையைப் பதிய வைக்க முடியும் என்று 2024-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செய்தே காட்டினார். சாதாரணத் தாக்குதல் அந்த உரையாடலோடு போகும். இது அடுத்தடுத்த உரையாடல்களிலும் உட்கார்ந்திருக்கும். பயனர் தட்டச்சு செய்த வரிகளை மட்டுமே நினைவெழுதும் அழைப்புக்குக் கொடுங்கள்.

சோதிக்கும்போது 'ஞாபகம் இருக்கிறதா' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நினைவைப் பயன்படுத்தவே கூடாத கேள்விகளையும் அதே அளவு வையுங்கள். நிரலில் பிழை தேடச் சொன்னவரிடம் அவருடைய விவாகரத்தைப் பற்றி ஆறுதல் சொன்னால், அது நினைவாற்றல் இல்லை, நாகரிகக் குறைவு.

அழிப்பதற்கு வருவோம். பயனர் 'இதை மறந்துவிடு' என்றால் டேபிளில் ஒரு வரி போனால் ஆயிற்றா? அதன் எம்பெடிங், அதை வைத்து எழுதிய சுருக்கம், அந்தச் சுருக்கத்தின் சுருக்கம், சொல் தேடல் இண்டெக்ஸ் எல்லாவற்றிலும் அது இருக்கும். பழைய உரையாடல் மிச்சமிருந்தால் அடுத்த முறை மறுபடி அங்கிருந்தே எடுத்து எழுதிவிடும். எந்தச் செய்தியிலிருந்து வந்தது என்ற நெடுவரிசை இருந்தால், அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நீக்கி, சுருக்கத்தை மிச்சத் தகவல்களிலிருந்து புதிதாக எழுதலாம். அந்தச் செய்தியை 'இனி எடுக்காதே' என்று குறித்தும் வைக்க வேண்டும். இந்தத் தடைக் குறிப்பில் செய்தியின் எண் மட்டும் இருக்கட்டும், பயனர் மறக்கச் சொன்ன விஷயத்தை அதில் திரும்ப எழுதிவைக்க வேண்டாம்.