வைர மலையில பெரியம்மா

(ஹவாய், ஹொனலுலு, டைமண்ட் ஹெட் மலை. இருட்டு சுரங்கப்பாதைய தாண்டி வெளிய வந்தா நேரா எதிர்ல 99 படி.)

பெரியம்மா: இன்னும் படியா! டேய் ரகு, இப்பதானடா 74 படி எண்ணி முடிச்சேன்.

ரகு: மொத்த மலையே 232 மீட்டர்தான் பெரியம்மா.

பெரியம்மா: அத என் முட்டிகிட்ட சொல்லு. சரி, வைரம் எங்க? வந்ததுலேந்து பாக்கறேன், ஒண்ணும் மின்னக் காணோம்.

ரகு: வைரம்லாம் கெடையாது. ரொம்ப காலத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்த வெள்ளக்காரங்க பாறைல ஏதோ மின்னறத பாத்துட்டு வைரம்னு குதிச்சிருக்காங்க, கடைசில பாத்தா அது கால்சைட், சுண்ணாம்பு ஜாதி.

பெரியம்மா: தெரிஞ்சப்புறமும் பேர மாத்தலியா?

ரகு: ஹவாய்க்காரங்க வெச்ச பேர் லேயாஹி. சூரை மீனோட நெத்தின்னு அர்த்தம்.

பெரியம்மா: (ஹேண்ட்பேக் ஜிப்ப மூடிக்கிட்டே) இத மொதல்லயே சொல்லிருந்தா ரூம்லயே படுத்திருப்பேன்ல. ஆமா, எரிமலைன்னியே, நாம மேல நிக்கறப்ப கெளம்பிடாதே?

ரகு: இது ஒரே ஒரு தடவ வெடிச்சு அடங்கற ரகம். சில லட்சம் வருஷம் முன்னாடி கீழேந்து வந்த நெருப்புக் கொழம்பு கடல் தண்ணில பட்டுருக்கு, தண்ணி பொசுக்குன்னு ஆவியாகி டமார்னு வெடிச்சு, கொழம்பும் அங்க இருந்த பவளப்பாறையும் பொடிப்பொடியா பறந்து சுத்தி வளையமா விழுந்து இறுகிடுச்சு, இப்ப நீங்க சாஞ்சிட்டு நிக்கறீங்களே அது அந்த சாம்பல்தான், டஃப்னு சொல்வாங்க.

பெரியம்மா: (சட்டுனு நகந்து புடவைய தட்டிக்கிட்டே) காஞ்ச எண்ணெய்ல தண்ணி தெறிச்ச கதைன்னு சொன்னா முடிஞ்சுது. சரி, வளையம்னா எல்லா பக்கமும் ஒண்ணாதான இருக்கணும், இந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்ளோ ஒசரம்?

ரகு: (குஷியாகி) சூப்பர் கேள்வி! இங்க காத்து பெரும்பாலும் வடகிழக்குலேந்துதான் வீசும், வெடிச்சப்ப சாம்பல தென்மேற்கு பக்கமா தள்ளிடுச்சு, அதான் இங்க குவியல் ஜாஸ்தி.

பெரியம்மா: அப்ப எதிர்ப்பக்கம் குட்டை.

ரகு: ஆமா.

பெரியம்மா: தெரிஞ்சுகிட்டே என்ன ஒசந்த பக்கமா ஏத்துற.

ரகு: ஐயோ, பாதையே இதான்! 1908ல ராணுவம் கடலோரக் காவலுக்காக போட்டது.

(உச்சி.)

பெரியம்மா: உள்ள என்னடா, வெறும் புல்லும் செடியுமா இருக்கு?

ரகு: அதான் எரிமலை வாய்! 350 ஏக்கர்! ஒசரத்தவிட அகலம்தான் ஜாஸ்தி, வெடிச்சு உருவான கூம்புன்னா இப்படித்தான் அகலத் தட்டு மாதிரி...

பெரியம்மா: இரு, போன் வருது. சொல்லுடி... ஆமாடி, வைர மலை உச்சிலதான் நிக்கறேன்! அப்படியே ஜொலிக்குதுடி!

ரகு: பெரியம்மா, கால்சைட்...

பெரியம்மா: (போன பொத்திக்கிட்டு) சும்மா இருடா. இந்த முட்டிய வெச்சுகிட்டு இவ்ளோ தூரம் ஏறி வந்துட்டு, மீன் நெத்தில நிக்கறேன்னா சொல்ல முடியும்?