பழைய சத்தம் எங்கே போனது என்று கேட்கும் நண்பருக்கு

இன்ஃபெக்டட் மஷ்ரூம் என்ற இசைக்குழு தன் பழைய சத்தத்தை மாற்றி, ரசிகர்களைக் கைவிட்டுவிட்டது என்று, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் என்னோடு உயர்தரம் படித்த நண்பர் ஒருவர் கடந்த வாரம் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். 2007இல் 'விஷஸ் டெலிஷஸ்' இசைத்தொகுப்பு வந்தபோதும், 2012இல் 'ஆர்மி ஆஃப் மஷ்ரூம்ஸ்' வந்தபோதும் அவர் இதையேதான் சொன்னார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கூட்டத்தில் இந்தக் குற்றச்சாட்டை முதன்முதலில் எழுப்பியவன் நான்தான். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த இசையோடு வாழ்ந்த பிறகு, நாங்கள் இழந்தது எது என்பதை இத்தனை காலமும் தவறாகச் சொல்லிவந்திருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் தொடங்கிய இந்தக் குழு எரெஸ் ஐசன், அமித் டுவ்தெவானி ஆகிய இருவருடையது. இருவருமே சிறுவயதில் மேற்கத்திய செவ்வியல் பியானோ பயின்றவர்கள். கோவாவின் கடற்கரைக் கொண்டாட்டங்களில் உருவாகி, அங்கு வந்துபோன இளைஞர்கள் வழியாக இஸ்ரேலில் வேரூன்றிய சைகெடெலிக் ட்ரான்ஸ் என்ற மின்னணு நடன இசைதான் அவர்களது தொடக்கம். முதல் இசைத்தொகுப்பு 1999இல் வந்தது. நிமிடத்துக்கு 140க்கும் மேற்பட்ட தட்டுகளாக ஓடும் சீரான அடி, அதன் இடைவெளிகளை நிரப்பியபடி உருளும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி, அவற்றின் மேல் ஒவ்வொன்றாக வந்து அமரும் சிந்தசைசர் இழைகள் என்று ஒரு பாடல் ஏழெட்டு நிமிடங்களுக்கு விரியும்.

நான் அதைக் கேட்டது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பிராவில். அம்மா விடியற்காலையில் எழுந்து கொழுந்தெடுக்கப் போகவேண்டியவர் என்பதால், இரவு எட்டு மணிக்கு மேல் ஹெட்போன் இல்லாமல் எதையும் கேட்க முடியாது. ஹட்டனில் ஒரு கடையில் பதிந்து வாங்கிய சீடியைப் போட்டுக்கொண்டு கம்பளிக்குள் படுத்திருப்பேன். தகரக் கூரையில் மழை அடிக்கும் ஓசை ஹெட்போனையும் தாண்டி உள்ளே வரும். எது மழை, எது பாடலில் வரும் ஹை-ஹாட் தாளத்தின் ஓசை என்று பிரித்தறிய முடியாமல் சில கணங்கள் கிடந்திருக்கிறேன். அப்படிக் கேட்டவனுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு துளி மாறினாலும் தன் காம்பிராவுக்குள் யாரோ புகுந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

2003இல் வந்த 'கன்வர்ட்டிங் வெஜிடேரியன்ஸ்' தொகுப்பு இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டது. முதல் தட்டுக்கு ட்ரான்ஸ் பக்கம் என்றும், இரண்டாவதற்கு மறுபக்கம் என்றும் அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். வேகம் குறைந்த, குரலும் பாடல் வரியும் முன்னுக்கு வந்த அந்த இரண்டாவது தட்டை ஒரு தடவை பாதி கேட்டுவிட்டு, இது அவர்களுடைய இசையே இல்லை என்று நண்பர்களிடம் அறிவித்தேன். நாங்கள் பிறகு ஆளுக்கொரு பிரதி பதிந்தபோது முதல் தட்டு மட்டும் போதும் என்று கடைக்கார அண்ணனிடம் சொல்லிவிட்டோம். தங்களுக்கு இரண்டு பக்கம் உண்டு என்று அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்களை, நான்கு ஆண்டுகள் கழித்துத் திடீரென மாறிவிட்டார்கள் என்று குற்றம்சாட்டியது நியாயமே இல்லை.

எங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். தோல் தப்பைத் தீமூட்டிக் காய்ச்சினால்தான் அது விறைத்து ஒலிக்கும். மலைநாட்டுச் சாரலில் அது மறுபடி தளர்ந்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து இரவுகளில் இதற்கென்றே ஓரமாக ஒரு தீ எரிந்துகொண்டிருக்கும். இப்போது பையன்கள் பிளாஸ்டிக் தப்பைக் கொண்டுவருகிறார்கள். அதற்கு மழையும் பொருட்டில்லை, தீயும் தேவையில்லை. அந்தச் சத்தம் பிடிக்கவில்லையா என்று பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "சத்தம் கெடக்கட்டும் தம்பி, காய்ச்சுற நேரத்துலதான் நாங்க அடியைச் சொல்லிக் குடுப்போம். இப்ப எங்க உக்காருறானுங்க?" என்றார்.

அந்தப் பதிலை இந்தக் குழுவின் விஷயத்திலும் பொருத்திப் பார்க்கிறேன். நாங்கள் தேடுவது பழைய சிந்தசைசரின் நிறத்தை அல்ல. ஒரு இழை வந்து, நிலைத்து, அடுத்த இழைக்கு இடம்விடும் வரை எங்களைக் காக்கவைத்த அந்த நிதானத்தைத்தான். இப்படிப் பார்த்தால் எந்த மாற்றம் தகும், எது தகாது என்று நேர்மையாகப் பேச முடிகிறது. 2007இன் தொகுப்பில் கிதார் உரத்து ஒலிக்கிறது, ராக் வந்துவிட்டது, ராப் கூட உண்டு; ஆனால் அதிலுள்ள 'ஹெவிவெயிட்' பாடல் எட்டு நிமிடங்களுக்கு மேல் நீண்டு, ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே தயார்செய்துவிட்டுத்தான் திரும்புகிறது. நிதானம் அங்கே குறையவே இல்லை. அன்று என் நண்பர் அதை மறுத்தது அவசரமான தீர்ப்பு.

2012ஐப் பற்றிய அவருடைய கோபத்தில் மட்டும் எனக்கும் பங்குண்டு. அந்தக் காலத்தில் எங்கு திரும்பினாலும் கேட்ட டப்ஸ்டெப் என்ற, பேஸ் அதிரும் மின்னணு நடன இசை அந்தத் தொகுப்பிலும் நுழைந்தது. அந்த வகைமேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் இசை ஏறி நின்று சட்டென்று முழு பலத்தோடு விழும் அதன் இறக்கங்கள் பல இடங்களில் உரிய ஏற்றம் இல்லாமலேயே வந்து விழுகின்றன. காத்திருக்காமல் கிடைக்கும் அதிர்ச்சி இரண்டாவது தடவை கேட்கும்போது அதிர்ச்சியாக இருப்பதில்லை. 2017இல் 'ரிட்டர்ன் டு த சோஸ்' வந்தது. 'சோர்ஸ்' (மூலம்) என்ற சொல்லை 'சோஸ்' என்று சிலேடையாக்கிய பெயரே மூலத்துக்குத் திரும்புவதாகச் சொன்னது. வேகமும் பேஸும் திரும்பி வந்தன. நண்பர் நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்துக் குதூகலித்தார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் 2001இன் 'பி.பி. எம்பயர்' தொகுப்பு அடுத்து எங்கே போகும் என்று என்னால் ஊகிக்க முடிந்ததே இல்லை. 2017இன் தொகுப்பில் பல இடங்களில் முடிந்தது. ரசிகர்கள் கேட்ட சத்தம் முழுதாகக் கிடைத்தும் ஏதோ குறைகிறதென்றால், நாங்கள் கேட்கத் தவறியது வேறொன்று.

பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ரசிகருக்கு முழுமையாக உண்டு, அதை உரக்கவே சொல்லலாம். துரோகம் என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. பதினேழு வயதில் கம்பளிக்குள் எனக்குக் கிடைத்ததை அந்த இருவர் ஆயுள்முழுக்கச் செய்துதர வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. நானே அந்தக் காம்பிராவைவிட்டு வெளியேறிப் பல வருடங்கள் ஆகின்றன.

நண்பரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அன்று நாங்கள் வேண்டாமென்று விட்டுவந்த இரண்டாவது தட்டை, இந்தத் தீபாவளிக்கு அவர் ஊருக்கு வரும்போது, இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேட்க வேண்டும். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.